கல்யாண வண்டியின் சிவப்பு விளக்கு

அப்பு,

போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அம்மா கடிதம் எழுதினால், குடும்பம் நடத்துவது எப்படி என்று நாலு பக்கத்துக்கு இருக்கும் என்று நீ பயப்படலாம். பயப்படாதே. நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த வகைப் புத்தகங்களை அடுக்கி அடுக்கி எனக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். இல்லற வாழ்வு பற்றிய புத்தகங்களை எடுத்துப்போனவர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள். ஆனவர்கள் துப்பறியும் நாவல் கேட்டார்கள். நான் எழுதப்போவது நம் காரைப் பற்றி. அதற்குள் வேறு ஏதாவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள். எனக்கு இந்த வாரம் முழுக்க அசதி. எதையும் வெட்டிச் சுருக்கி எழுதத் தெம்பில்லை.

வண்டியைக் கயலுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவன் நீ. நல்ல யோசனை என்று நாங்களும் சொன்னோம். கல்யாணத்துக்குப் பிறகும், பெங்களூரில் உன் பக்கத்தில் அவளுக்கு வேலை அமையும்வரை அவள் நம் வீட்டில் இருந்து, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வர வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த பெண். நர்ஸ் வேலை என்பதால் நேரத்துக்குப் போகவேண்டும். நம் வண்டியோ உன் அப்பா தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை போய்வருவதைத் தவிர வாசலில் சும்மா நிற்கிறது. மண்டபத்துக்கு நீங்கள் இருவரும் அதிலேயே வரவேண்டும், அப்புறம் சாவியை அவள் கையில் கொடுக்கவேண்டும் என்று உன் மாமா திட்டம் போட்டார். அதற்காக வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடக் கொடுத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது. கழுவினவர்கள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையார் ஸ்டிக்கரை உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் பக்தி என்று நீ நினைத்திருப்பாய். அவர் ஒட்டியது பக்தியால் அல்ல. ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் போலவும் அவன் முன்னால் ஒரு உருண்டை இருப்பதைப் போலவும் ஒரு படம். சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் இருக்கிற ஆள் என்றுதான் நான் நினைத்தேன். வண்டி முட்டினால் ஸ்டியரிங்கிலிருந்து உப்பி வந்து ஓட்டுகிறவரைக் காக்கிற காற்றுப் பையின் விளக்கு, அதாவது ஏர்பேக் விளக்கு என்று பிறகுதான் தெரிந்தது. இரவு மலையிலிருந்து இறங்கும்போது அது கண்ணைக் குத்துகிறது என்று உன் அப்பா சொன்னார். கடையில் முருகன், பிள்ளையார் இரண்டும் இருந்தன. பிள்ளையார்தான் வட்டமாக, சரியான அளவில் இருந்தார். வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அதற்கும் முன்னால் ஹாரன் கதை ஒன்று இருக்கிறது. மலைப்பாதையில் ஹாரன் இல்லாமல் ஒரு வளைவைத் திரும்ப முடியாது. எதிரே தொழிலாளர் ஏற்றின ஜீப்பு எந்த வேகத்தில் வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. நம் வண்டியின் ஹாரன் இடதுபக்க வளைவில் அடிக்கும், வலதுபக்க வளைவில் அடிக்காது. உன் அப்பா அதை வண்டியின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டார். வலது வளைவு வந்தால் கண்ணாடியை இறக்கிக் கதவில் தட்டுவார். கடைசியில் ஒரு எலக்ட்ரீசியன் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு அலுத்துப்போய், கியருக்குப் பக்கத்தில் வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை வைத்து அதற்குத் தனியாக ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்து ஜீப்புகளில் பாதிக்கு அப்படித்தான் இருக்கிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அன்றிலிருந்து உன் அப்பா ஒவ்வொரு வளைவிலும், யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போனதுபோல, மரியாதையாக மணியை அழுத்திக்கொண்டு மலை ஏறினார். சிவப்பு விளக்கு அதற்கு அடுத்த மாதமே எரிய ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹாரன் சரியாகிவிட்டது அல்லவா?

கல்யாண வண்டியில் சிவப்பு விளக்கு எரியக்கூடாது என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார். அப்பா ராசிங்காபுரம் பக்கம் பத்திரிகை வைக்கப் போய்விட்டதால், மாமாவும் நானும்தான் வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் பெயர் செல்வம். கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும், ஐந்து நிமிஷத்தில் நமக்கும் தெரியவைத்துவிடுவான். ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். அதில் ஒரு எழுத்தும் சில எண்களும் வந்தன.

“இதாங்க்கா எரர் கோடு. டிரைவர் பக்கம் ஏர்பேக் லைன்ல ரெசிஸ்டன்ஸ் கூட இருக்குன்னு சொல்லுது. அம்புட்டுத்தேன்.”

“அப்ப அந்தப் பை கெட்டுப்போச்சா?” என்றேன்.

“அது சொல்லாதுக்கா. எந்தத் தெருவுல சண்டைன்னு சொல்லும். எந்த வீட்டுலன்னு நம்மதேன் போய்ப் பாக்கணும்.”

மாமாவுக்குத் தெருவும் வேண்டாம், வீடும் வேண்டாம். “மாப்ளே, அந்தக் கோடை அழிக்க முடியுமா முடியாதா?” என்றார். செல்வம் ஒரு பட்டனை அழுத்தி அழித்தான். விளக்கு அணைந்தது. மாமா என்னைப் பார்த்து, ஏதோ தானே அழித்ததுபோலத் தலையாட்டினார். வண்டியை ஒர்க்ஷாப்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கை முழுக்க வலதுபக்கம் ஒடித்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. “பாத்தியளாண்ணே? வெள்ளை அடிச்சா வெடிப்பு மூடிருமா?” என்றான் செல்வம்.

மாமாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சுபாவமே அப்படி, நம் வீட்டு ரத்தமும் அப்படித்தான். நம் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு அதிகமானால் அடிக்கிற மணி ஒன்று இருந்தது. அது அடிக்கடி அடித்து ஆட்களைத் தூங்கவிடவில்லை என்று மாமா மணி நாக்கில் துணி சுற்றினார். ஆட்கள் நன்றாகத் தூங்கினார்கள். காலையில் காய் பச்சை நிறம் போய் வைக்கோல் மாதிரி இருந்தது. ஏலக் கடையில் அந்தக் காயைக் கையில் எடுத்தவர் முகர்ந்துகூடப் பார்க்காமல் திரும்ப வைத்தார். உன் அப்பாவை எடுத்துக்கொள். சர்க்கரை டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து சோறு தொடமாட்டார். ரிப்போர்ட் அருமையாக வரும். அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு அன்று மத்தியானமே விருந்துக்குப் போவார். டாக்டரை ஏமாற்றிவிட்டதாக அவருக்கு ஒரு சந்தோஷம். டாக்டருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். செல்வம் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எங்களைப் போய் டீ குடித்துவிட்டு வரச்சொன்னான். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்சம் கரண்டு தங்கியிருக்குமாம். அது அடங்குவதற்குள் கைவைத்தால் பை முகத்தில் வெடித்துவிடுமாம். மாமாவால் சும்மா இருக்க முடியாது. “ஒரு பையைக் கழட்டுறதுக்கு எம்புட்டு நேரம்டா? வெரசா ஆகட்டும், மண்டபத்துல பந்தல்காரன் காத்துக்கிட்டு இருக்கான்” என்று நடந்துகொண்டே இருந்தார். ஒருவழியாக ஸ்டியரிங்கின் நடுப்பகுதியைக் கழற்றி எடுத்தான். அதுதான் ஏர்பேக். இட்லித் தட்டு மாதிரி இருந்தது. அதைப் பலகையில் முகம் மேலே பார்க்க வைத்தான். மாமா அங்கே கிடந்த, கரண்டு பார்க்கிற மீட்டரை எடுத்து அதன் ஒயரில் வைத்துப் பார்க்கப் போனார்.

“அண்ணே! அதுல மீட்டர் வைக்காதீக!”

“ஏன், ஷாக் அடிக்குமா?”

“அடிக்காது. வெடிக்கும். கல்யாணப் பத்திரிகையில உங்க பேரை மாத்தி அடிக்க வேண்டியது வரும்.”

மாமா மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப்போய் நின்று பந்தல்காரனுக்குப் போன் போட்டார்.

பிறகு செல்வம் செய்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஸ்டியரிங் சுற்றும், அதற்குக் கீழே இருக்கிற தண்டு நகராது. இரண்டுக்கும் நடுவில் கரண்டு போவதற்கு, கடிகாரத்துச் சுருள் வில் மாதிரி சுற்றிவைத்த தட்டை நாடா ஒன்று இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்கிறார்கள். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் அந்த ஒரே நாடாதான் வழி. பை இருப்பதாக வண்டியை நம்பவைக்க, பையில் இருக்கிற அதே அளவு ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்குத் தடை, உள்ள ஒரு சின்ன ரெசிஸ்டரை, நெல்மணி அளவுதான் இருக்கும், செல்வம் நாடாவுக்கு மேலே, பை இருந்த இடத்தில் மாட்டினான். பேட்டரியை இணைத்து, கோடை அழித்து, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான். விளக்கு எரிந்தது. ஆக, பையின் மேல் குற்றமில்லை. மறுபடி பேட்டரியைக் கழற்றினான், மறுபடி டீ. இந்த முறை அதே ரெசிஸ்டரை நாடாவுக்குக் கீழே, தண்டு ஒயரில் மாட்டினான். விளக்கு அணைந்தது. எப்படித் திருப்பினாலும் எரியவில்லை. கோளாறு நடுவில் இருக்கிற நாடாவில்தான் என்று தெரிந்துபோனது. அந்த எலக்ட்ரீசியன் ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டும்போது நாடாவை நடுவில் நிறுத்தாமல் மாட்டியிருக்கலாம், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததை மலை வளைவுகள் முறித்திருக்கலாம். எது என்று தனக்குத் தெரியாது என்றான். அவன் வாயிலிருந்து ‘தெரியாது’ என்று வந்தது அன்று அந்த ஒரு முறைதான்.

இதற்குப் பெயர் கண்டுபிடிப்பது. ஆனால் மாமா பார்த்தது வேறு. அவர் பார்த்தது விளக்கு அணைந்ததை.

“ஆகா! அணைஞ்சிருச்சு! மாப்ளே, இப்படியே மூடிரு.”

“அண்ணே, இது டெஸ்ட்டுக்குப் போட்டது. நாடா மதுரையில இருந்து வரணும். கல்யாணத்துக்குள்ள வராது.”

“வர வேண்டாமே. லைட்டு எரியலைல்ல?”

செல்வம் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் அன்று இன்னும் மூன்று வண்டிச் சோலி கிடந்தது. “மண்டபத்துக்கு ஊருக்குள்ளதான ஓட்டப்போறீக... பண்ணலாம். நிறைய பேரு பண்ணிக்கிட்டுதேன் இருக்காக” என்றான்.

“தம்பி, இப்படியே விட்டா முட்டினா பை வருமா?” என்று கேட்டேன்.

“வராதுக்கா. வண்டி, பை இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்.”

அப்போதுதான் மாமா உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாடாவைப் பற்றி, ரெசிஸ்டரைப் பற்றி, பை வராது என்பதைப் பற்றி எல்லாம் நான் சொன்னேன். நீ முழுக்கக் கேட்டாய். கேட்காமல் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். “லைட்டு அணைஞ்சிருச்சுல்லம்மா? அப்ப விடும்மா. கயலும் திங்கக்கிழமைலேர்ந்து டூட்டிக்குப் போகணும், வண்டி இல்லாம கஷ்டம். அவகிட்ட இதெல்லாம் சொல்லி பயமுறுத்தாத. கல்யாணம் முடியட்டும், பொறுமையா பாத்துக்கலாம்” என்றாய். உடனே மீட்டிங் வந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்து, “மாப்பிள்ளையே சொல்லிட்டான்” என்றார். செல்வம் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தான்.

அப்பு, நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கஷ்டமான ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அப்புறம்’ என்று சொல்வது உனக்குச் சின்ன வயசிலிருந்தே வரும். அது எங்கிருந்து வந்தது என்று மேலே மணி நாக்கில் துணி சுற்றின கதையிலேயே எழுதிவிட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை காலையில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து மலை ஏறப்போவது நீயோ மாமாவோ இல்லை. நீ பெங்களூரில் இருப்பாய். மாமா மண்டபத்துப் பாத்திரக் கணக்கில் இருப்பார். வளைவில் எதிரே லோடு ஜீப்பு வந்தால் பிரேக்கில் கால் வைக்கப்போகிறவள் அவள் ஒருத்திதான். முன்னால் பை இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்ற நினைப்போடு அவள் ஓட்டுவாள். மீட்டரும் அதையே சொல்லும்.

நான் செல்வத்திடம், ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் பையை அதன் இடத்திலேயே மாட்டச் சொன்னேன்.

“மாட்டினா லைட்டு எரியுமே ஆத்தா” என்றார் மாமா.

“எரியட்டும்ண்ணே.”

“கல்யாண வண்டியில சிவப்பு லைட்டு எரிஞ்சா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாக?”

“வண்டியில கோளாறுன்னு நினைப்பாக. சரியாத்தான நினைக்கிறாக.”

 வீட்டுக்கு வரும்வரை மாமா காலிங் பெல் சுவிட்சை அடிக்கடி அழுத்திக்கொண்டு வந்தார். தெருவில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. நாடாவுக்குச் சொல்லியாகிவிட்டது. கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் வருமாம். வந்ததும் நடுவில் நிறுத்தி மாட்டிவிட்டு, ஹாரனையும் ஸ்டியரிங்கிலேயே பழையபடி இணைத்துத் தருவதாகச் செல்வம் சொல்லியிருக்கிறான். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, செத்த நேரத்தில் தானாக அணையவேண்டும். எரியாமலே இருந்தாலும் தப்பு, அணையாமல் இருந்தாலும் தப்பு என்று சொல்லிக்கொடுத்தான். இவ்வளவு வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்துவிட்டு இதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீயும் தெரிந்துகொள். ஸ்டிக்கர் ஒட்ட இனி அந்தக் கண்ணாடியில் இடமில்லை என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் புதுசாக வாங்கிவந்த பிள்ளையாரைப் பூஜை அறையில் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் நான் கயல் வீட்டுக்குப் போனேன். ரவிக்கை அளவு வாங்க என்று சொல்லிக்கொண்டு போனேன். அளவு அவர்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அவள் அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு ரவிக்கையை எடுத்துக் கொடுத்துவிட்டு, காப்பி போடப் போய்விட்டார். கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, நாடா, ரெசிஸ்டர், பிள்ளையார் உட்பட. பயப்படுவாள் என்று நீ சொன்னாய். அவள் பயப்படவில்லை. நாடா எப்படி இருக்கும் என்று கேட்டாள். டேப்பை உருட்டிவைத்தது போல என்று கையால் காட்டினேன். பிள்ளையார் வந்தபோது மட்டும் சிரித்துவிட்டாள்.

“அப்ப பார்ட்ஸ் வர்ற வரைக்கும் நான் ஜீப்புலயே போய்க்கிறேன் அத்தே. லேபர் ஜீப்பு காலையில போடியில இருந்து கெளம்புதுல்ல? முன்னாடியும் அதுலதேன் போனேன்.”

ஜீப்பில் மட்டும் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பையும் இல்லை, விளக்கும் இல்லை, சில நாள் கதவும் இருக்காது. ஆனால் எதுவும் இருக்கிறதாக அது சொல்லிக்கொள்வதில்லை. ஏறுகிறவர்களுக்குத் தெரிந்துதான் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் சரி என்றேன். மண்டபத்துக்கு இதே வண்டியில்தான் வருவீர்கள். ஊருக்குள் மெதுவாக, மாமா ஓட்டட்டும். விளக்கு எரியும். போட்டோக்காரர் அதைப் படம் எடுக்கப்போவதில்லை.

இவ்வளவுதான் என்றால் இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், மீட்டிங் வருவதற்குள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள் ஒன்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், குரலில் ஒன்றுமில்லை.

“அவுகளுக்கு இது தெரியுமா அத்தே?”

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டான், விடச் சொன்னான், உன்னிடம் சொல்லவேண்டாம் என்றான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கையில் மருதாணி வைத்து இன்னும் காயவில்லை. விரல்களை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான், “அவனுக்கு எங்க தெரியும் ஆத்தா, அங்கிட்டு ஆபீசுல கெடக்கான். இனிமேத்தேன் சொல்லணும்” என்றேன். அவள், “சொல்லிருங்க அத்தே, பாவம், கவலைப்படுவாக” என்றாள்.

பஸ்சில் வரும்போது முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வண்டியில் நடந்ததை அவளிடம் ஒளிக்கக்கூடாது என்று போனவள், திரும்பும்போது உன்னை ஒளித்துவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்கு உன் மேல் இப்போது எந்தக் குறையும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாமா ஒர்க்ஷாப்பில் சொன்னதற்கும் நான் அவள் வாசலில் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அவளுக்குப் போன் போடு. நீ விடச் சொன்னதை நீயே சொல். கோபப்படுவாள். படட்டும், தாலி கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அவள் கோபம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்துக்கொள்வது நல்லதுதான். அம்மா உனக்காகப் பொய் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. அவள் என்னிடம் கேட்டால் நான் ஆமாம் என்று சொல்வேன். கேட்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை நலங்குக்கு அவள் வீட்டுக்குப் போகவேண்டும். அதற்குள் பேசிவிடு, அப்பு.

அம்மா